கங்கையம்மாள் சுரண்டிய சுவர்

முடிச்சூர் ரோட்டிலிருந்து அடையாற்றுப் பக்கமாக இறங்கினால் தேவகிருபை நகர். அதில் மூன்றாவது தெருவில் புது ஆள் யாராவது கால் வைத்தால், நாய் குரைப்பதற்கு முன்னால் கங்கையம்மாள் எட்டிப் பார்த்துவிடுவாள். இதனால் அந்தத் தெரு நாய்களெல்லாம் வேலையில்லாமல் பெருத்துப்போய்விட்டன. திருடனே வந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து கங்கையம்மாள் வீட்டு ஜன்னலைப் பார்க்கும். 'அந்தம்மா பாத்துக்கும்' என்று மறுபடி மூடிக்கொள்ளும்.

ஊரில் மற்றவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை இருக்கும். கங்கையம்மாளுக்குச் சந்தேகம். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்ப்பாள், உருட்டிப் பார்ப்பாள், காதை வைத்துக் கேட்டும் பார்ப்பாள். சிலிண்டர்காரர் இவள் வாசலுக்கு வரும்போது மட்டும் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி சாமி கும்பிட்டுக்கொண்டு வருவார். டாக்டர் ஊசி போட்டால், மருந்து முழுசாக உள்ளே போயிற்றா என்று ஊசியைத் திருப்பிக் காட்டச் சொல்வாள். டிவியில் லேசான மழை என்று சொன்னால், "இப்பிடி சொல்றதுல இவனுக்கு இன்னா லாபம்?" என்று யோசித்துவிட்டுத்தான் கொடியிலிருந்து துணியை எடுப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் பக்தவச்சலம். உலகத்தில் யார் என்ன சொன்னாலும் நம்புவான். பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தான். "சொந்தக்காரன்" என்று சொன்னால் போதும், கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட்டும் அடிப்பான். ஒருநாள் ஒரு வீட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவனுக்கு, கனமாக இருக்கிறதே என்று ஒரு கை பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டவன் இவன்தான். அன்றோடு வேலை போயிற்று. இப்போது வீட்டு முன்னறையில் கங்கையம்மாள் மாவு அரைத்துத் தர, அவன் பாக்கெட் போட்டு விற்கிறான். விற்கும்போது அவள் பக்கத்தில் நிற்பாள்.

இவ்வளவு சந்தேகக்காரி வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஏமாந்தாள். அந்த ஏமாற்றத்தின் மேல்தான் இன்றைக்கும் குடியிருக்கிறாள். குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இந்த மனையை வாங்கப் பார்க்க வந்தபோது மண்ணைத் தோண்டினாள், மோந்தாள், நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தாள். பத்திரத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். புரோக்கரின் மாமியார் வீடு வரைக்கும் விசாரித்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். வந்து பார்த்தது சித்திரை மாதம். தரை தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. ஐப்பசியில் வந்து பார்த்திருந்தால் படகு எடுத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

வீடு கட்டிய பிறகு தெரிந்தது, அடையாறு வருஷம் தவறாமல் விருந்துக்கு வருகிற சொந்தக்காரர் என்று. சில வருஷம் வாசலோடு நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகும். சில வருஷம் உள்ளே வந்து கட்டில் வரைக்கும் ஏறி உட்காரும். இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷம் வந்த பெரிய வெள்ளத்தில் கங்கையம்மாளும் பக்தவச்சலமும் கிரைண்டர் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் இவர்கள் என்று நின்றார்கள். மீன்பிடிப் படகு வந்து ஜன்னல் பக்கத்தில் நின்று, "ஏறு தாயி" என்றபோதுகூடக் கங்கையம்மாள் கேட்ட கேள்வி: "இது ஓட்டை இல்லாத படகுதானே?"

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வடிந்ததும் சுவரில் ஒரு சேற்றுக் கோடு நிற்கும். அதைப் பார்த்தால் வாடகைக்கு எவன் வருவான்? அதனால் கோடு வரைக்கும் அடிச்சுவரில் அடர்த்தியான பிரவுன் கலரில் ஒரு பட்டை அடித்துவிடுவார்கள். மேலே வெள்ளை, கீழே பிரவுன். அழகுக்கு அடித்த மாதிரி இருக்கும். அடுத்த வெள்ளம் கொஞ்சம் மேலே வந்தால் பட்டையும் கொஞ்சம் மேலே ஏறும். மொத்தத் தெருவும் வரிசையாக லுங்கி கட்டி நிற்கிற மாதிரி இருக்கும். பதினைந்துக்குப் பிறகு லுங்கியெல்லாம் மார்பு வரைக்கும் ஏறி, ஆற்றங்கரையில் குளிக்கப் போகிற பெண்கள் மாதிரி வீடுகள் நின்றன. விவரம் தெரிந்தவன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். விவரம் தெரிந்தவன் அங்கே வாடகைக்கு வரமாட்டான். அது வேறு விஷயம்.

இந்த நிலைமையில்தான் போன வருஷம் வெயில் காலத்தில் சாலமன் அந்தச் சேதியைக் கொண்டுவந்தான். சாலமன் எதிர்வீட்டுக்காரன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் வண்டியில் ஏறுகிறவர்கள் தாம்பரம் இறங்குவதற்குள் தங்கள் குடும்ப ரகசியம் முழுவதையும் அவனிடம் இறக்கிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"அக்கா, மேட்டர் ஒண்ணு கீது. பக்கத்துல கோதண்டபாணி நகர்ல ஆளுங்க எறங்கிக்கிறாங்க. கைல பெரிய போனு மாதிரி ஒண்ணு வெச்சிகினு வூடு வூடா கேக்கறாங்க. எத்தினி பேரு, எந்த வருஷம் கட்னது, தண்ணி எவ்ளோ வந்துச்சு..."

கங்கையம்மாள் கிரைண்டரை நிறுத்தினாள். அவள் கிரைண்டரை நடுவில் நிறுத்தினால் தெருவில் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"தண்ணி எவ்ளோ வந்துச்சுன்னு எதுக்குக் கேக்கறான்?"

"ஏதோ ஆராய்ச்சியாம். எங்க கால்வா போடணும், எங்க வூடு கட்டலாம்னு திட்டம் போடப் போறாங்களாம்."

"சாலமா, நீ சோறு தின்றியா வேற இன்னாத்த தின்ற? தண்ணி வருதுன்னு நாம நம்ம வாயால சொன்னா, இது ஆத்து எடம், காலி பண்ணுன்னு நாளைக்கு வந்து நிப்பான். வண்டில ஏத்திகினு போயி கண்காணாத எடத்துல ஏழாவது மாடில எறக்கி வுடுவான். அங்க எவன் நம்மகிட்ட மாவு வாங்குவான்? காக்காவா?"

பக்தவச்சலம் பாக்கெட் போட்டுக்கொண்டே, "நல்லதுக்குக் கேக்கறாங்களோ இன்னாமோ கங்கா" என்றான்.

"நீ கம்முனு கெட. மோட்டார ஏத்தி வுட்ட ஆளுதானே நீ."

அன்று சாயங்காலம் தெருவில் கங்கையம்மாள் போட்ட உத்தரவு இரண்டு. ஒன்று, யார் வந்து கேட்டாலும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்ததில்லை. இரண்டு, லுங்கிகளை உடனே அவிழ்க்க வேண்டும். அதாவது, பிரவுன் பட்டை தெரியாமல் சுவர் முழுவதும் மேலிருந்து கீழ்வரை ஒரே கலராக அடிக்க வேண்டும். அவசரத்துக்குக் கடையில் மொத்தமாகக் கிடைத்தது ரோஸ் கலர்தான். எல்லாரும் அதையே வாங்கினார்கள். சமுதாயக் கூடத்துக்கு உள்ளேயும் அதையே அடித்தார்கள். மறுவாரம் மூன்றாவது தெருவைப் பார்த்தால், யாரோ ஒரு ராட்சசன் பஞ்சுமிட்டாயை மிதித்துத் தேய்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. தபால்காரர் திரும்பிப் போய் ரோட்டில் நின்று வழி விசாரித்தார்.

சர்வேக்கு வந்தவள் ஸ்ம்ருதி. அஸ்தினாபுரத்துப் பெண். ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. தோளில் பை, தலையில் தொப்பி, முகத்தில் எல்லாரையும் நம்புகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கங்கையம்மாளுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. அவள் அனுபவத்தில் அந்த மாதிரி சிரிக்கிறவர்கள் இரண்டே பேர்: பக்தவச்சலம், இல்லையென்றால் சீட்டு கம்பெனிக்காரன்.

"ஆன்ட்டி, உங்க ஸ்ட்ரீட் ரொம்ப அழகா இருக்கு! எல்லாரும் சேர்ந்து பிளான் பண்ணி பெயின்ட் அடிச்சீங்களா?"

"ஆமாம்மா. எங்க தெருல ஒத்துமை அதிகம்."

"ரெயின் டைம்ல இங்க தண்ணி எவ்ளோ வரும் ஆன்ட்டி? உங்க கையால காட்டினா போதும். நீங்க சொல்றதை ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?"

"தாராளமா பண்ணிக்கோ. தண்ணியா? இங்கயா?" கங்கையம்மாள் குனிந்து கொலுசைத் தொட்டுக் காட்டினாள். "இதுகூட நனையாது பாப்பா. கோலம்கூடக் கலையாது."

"2015-ல?"

"அப்ப கொஞ்சம் ஈரம் இருந்துச்சு."

உள்ளேயிருந்து பக்தவச்சலத்துக்கு இருமல் வந்தது. எச்சிலை விழுங்கினானா, உண்மையை விழுங்கினானா, தெரியவில்லை. தெரு முழுக்க ஸ்ம்ருதி கேட்டாள். தெரு முழுக்கக் குனிந்து கணுக்காலைத் தொட்டது. உடம்பு வளையாத கிழவர்கள்கூட அன்றைக்கு வளைந்தார்கள்.

ஆடி மாதம் வார்டு ஆபீஸ்காரர்கள் கூட்டம் போட்டார்கள். தெருக்கோடியில் இருக்கிற சமுதாயக் கூடத்தில்தான். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதில் படம் விழச் செய்தார்கள். ஏரியா முழுக்க ஒரு மேப். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று திட்டுத் திட்டாக இருந்தது. வார்டு ஆபீஸ் இன்ஜினியர் வேதசிரோமணி, ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறவர், எழுந்து விளக்கினார்.

"சிவப்புன்னா அதிகம் தண்ணி நிக்கிற இடம். பச்சைன்னா பாதுகாப்பான இடம். இதெல்லாம் நாங்க ஆபீஸ்ல உக்காந்து போட்டது இல்ல. நீங்க சொன்னது. உங்க வார்த்தையை வெச்சுத்தான் திட்டம்."

மூன்றாவது தெரு பச்சையாக இருந்தது. சாலமன் கங்கையம்மாளை முழங்கையால் இடித்து, "அக்கா, பாஸாயிட்டோம்" என்றான். அவளுக்கும் நெஞ்சு விரிந்தது. சுற்றிலும் கோதண்டபாணி நகர் ரத்தக்களறியாகக் கிடக்க, நடுவில் இவர்கள் தெரு மட்டும் வாழை இலை மாதிரி பளபளவென்று.

வேதசிரோமணி கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். "அதனால மழைநீர் கால்வாய் முதல்ல கோதண்டபாணி நகருக்கு. அப்புறம், இந்த ஏரியா முழுக்க வெள்ள நேரத்துல மக்களைக் கொண்டுவந்து தங்க வைக்க ஒரு இடம் வேணும் இல்லையா? தரவுப்படி பாத்தா இருக்கறதுலயே காய்ஞ்ச தெரு இதுதான். ஆகவே நாம இப்ப உக்காந்திருக்கற இந்தக் கூடம்தான் நிவாரண முகாம்."

எல்லாரும் கை தட்டினார்கள். கங்கையம்மாளின் கை பாதி வழியில் நின்றது. அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். கூடத்தின் மின்விசிறி இறக்கைகள் தாமரைப் பூ மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தன. பதினைந்தாம் வருஷம் தண்ணீர் அதைத் தொட்டு வளைத்த வளைவு. அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. காற்று மேலே போகிறது, பல்லிகள் சௌகரியமாக இருக்கின்றன.

அவளுக்கு முதலில் இன்ஜினியர் மேல் சந்தேகம் வந்தது. 'ஏதோ சூழ்ச்சி' என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மேப் மேல் சந்தேகப்பட்டாள். மேப் அவள் சொன்னதைத்தான் சொன்னது. வாழ்நாள் முழுக்க ரேஷன் கடையில், மின்சார ஆபீஸில், தாலுகா ஆபீஸில் எத்தனையோ உண்மையைத் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறாள். ஒன்றையும் ஒருத்தனும் நம்பினதில்லை. ஒரே ஒரு பொய் சொன்னாள். அதை ஒரு சொல் விடாமல் நம்பி, கலர் அடித்து, துணி கட்டிக் காட்டுகிறார்கள். இதைவிடப் பெரிய மோசடியை அவள் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் கோதண்டபாணி நகர் செல்லம்மா உள்ளே வந்தாள். வீட்டு வேலை செய்கிறவள். கையில் ஒரு டர்க்கி டவல். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அந்த டவலைத் தரையில் விரித்தாள்.

"இன்னா செல்லம்மா, மழைக்கு இன்னும் எவ்ளோ நாளு கீது. இப்பவே எடம் புடிக்கிற?" என்றாள் கங்கையம்மாள்.

"எங்க மாமியாரு படுத்த படுக்கையா கீதுக்கா. எயுந்து உக்காரக்கூட முடியாது. போன தபா மாடிக்குத் தூக்கறதுக்குள்ள உசுரு பூட்ச்சு எங்களுக்கு. இங்க தரையோட படுக்க வெச்சிட்டா நிம்மதி. உங்க தெரு கொடுத்து வெச்ச தெரு. கோலம்கூடக் கலையாதாமே?"

கங்கையம்மாள் அந்த டவலைப் பார்த்தாள். நீலத்தில் ஒரு வாத்துப் படம் போட்ட டவல். நேர்மேலே வளைந்த மின்விசிறி. நடுவில் ஆளுயரத்துக்கும் மேல் காலி இடம். அந்தக் காலி இடம் முழுக்கத் தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

மறுநாள் மாவு சப்பென்று இருந்தது. உப்பு போட மறந்துவிட்டாள். வாங்கினவர்கள் அவள் வீட்டில் சாவு விழுந்துவிட்டதோ என்று வந்து விசாரித்தார்கள். பக்தவச்சலம் பாக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யோவ், உண்மைய சொன்னா நம்ம தெரு செவப்பாவும். செவப்பானா வூட்ட இடிச்சாலும் இடிப்பான்."

"ஆமா."

"சொல்லாட்டி அந்தக் கெயவிய கொண்டாந்து அங்க படுக்க வெப்பாங்க."

"ஆமா."

"இன்னாயா ரெண்டுக்கும் ஆமான்ற!"

"ரெண்டும் நெசந்தானே கங்கா. அந்த ஸ்டூல்ல நின்னப்ப நீ எங்கைய புடிச்சிகினே கீறல் போட்டுட்ட. இன்னும் தழும்பு கீது. அந்தக் கெயவி யார் கைய புடிக்கும்?"

அன்றைக்கு முதல் முறையாகக் கங்கையம்மாளுக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்தது: இவன் நிஜமாகவே வெகுளியா, இல்லை இத்தனை வருஷமாக நடிக்கிறானா?

வார்டு ஆபீஸுக்குப் போனாள். ஸ்ம்ருதியும் அங்கே இருந்தாள். "எங்க தெருல தண்ணி வரும் சார். ஃபேனு வரைக்கும் வரும்" என்று கங்கையம்மாள் ஒரே மூச்சில் சொன்னாள்.

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "கால்வாய் வருதுன்னு தெரிஞ்சதும் இந்த வாரம் எல்லாத் தெருவும் வந்து இதே பாட்டைப் பாடுதும்மா. நேத்து மலைமேல வீடு கட்டினவர்கூட வந்து கழுத்தளவு தண்ணின்னார். நீங்க முன்னாடி சொன்னது இருக்கே?"

ஸ்ம்ருதி அந்தப் பெரிய போனைத் தட்டினாள். கங்கையம்மாளின் குரலே வந்தது: "இதுகூட நனையாது பாப்பா. கோலம்கூடக் கலையாது." பின்னாடி பக்தவச்சலத்தின் இருமல்கூடத் தெளிவாகக் கேட்டது.

"அது நான் சொன்ன பொய்யி சார்."

"அப்ப இது பொய் இல்லைன்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான சந்தேகம். கங்கையம்மாளே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பாள். முதல் முறையாக ஒரு ஆபீஸர் மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

"நம்பாத சார். என்னிய நம்பவே நம்பாத. வந்து சொவத்த சொரண்டிப் பாரு."

தெருவில் இதைச் சொன்னபோது பிரளயமே வந்துவிட்டது. சாலமன் நடுத்தெருவில் நின்று கத்தினான். "அக்கா, மறைக்கச் சொன்னது யாரு? நீ. ரோசு கலரு அடிக்கச் சொன்னது யாரு? நீ. அந்தக் கலரப் பாத்துட்டு எம் மச்சான் எங்கூட்டுக்கு வர்றதையே வுட்டுட்டான். இப்ப நீயே போயி சொரண்டுன்றியே, ஆபீஸ்ல இன்னா கைல துட்டு வெச்சாங்களா உனக்கு?"

தெரு முழுக்க அவளைச் சந்தேகமாகப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுடைய பார்வை. அவளே அரைத்து, அவளே பாக்கெட் போட்டு, வருஷக்கணக்காகத் தெருவுக்கு விநியோகம் செய்த பார்வை. அவள் உள்ளே போய், பெயின்ட் அடிக்கிறவர்கள் பட்டி பூசுகிற இரும்புத் தகட்டை எடுத்து வந்து, தன் வீட்டு வாசல் சுவரில் வைத்து இழுத்தாள். ரோஸ் உதிர்ந்தது. கீழே பிரவுன். அதற்குக் கீழே இன்னொரு பிரவுன். கடைசியில், கதவு நிலையின் மேல்மரத்துக்கு ஒரு சாண் கீழே, ஈரச் சாக்கு மாதிரி கறுத்த ஒரு சேற்றுக் கோடு. பக்தவச்சலம் சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்து வந்து மறுபக்கச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தான்.

அரைமணி நேரம் தெருவில் கர்ர் கர்ர் என்று அந்த இரண்டு சத்தம்தான். பிறகு பக்கத்து வீட்டில் ஒரு கர்ர். அதற்கு எதிரில் ஒன்று. சாயங்காலத்துக்குள் தேவகிருபை நகரே தேங்காய் துருவுகிற கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ரோஸ் தூள் பறந்து, நாய்களெல்லாம் கலர் மாறி, ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல் குரைத்துக்கொண்டன.

ஸ்ம்ருதி வந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கூடவே ஒரு கொத்தனாரும், மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான லெவல் டியூபும். ஒரு முனையைக் கங்கையம்மாள் வீட்டுக் கோட்டில் பிடிக்கச் சொன்னாள். மறுமுனையை அடுத்த வீட்டுக் கோட்டுக்குக் கொண்டுபோனாள்.

"இன்னாத்துக்கு பாப்பா இது?" என்றாள் கங்கையம்மாள்.

"இந்தக் கோடெல்லாம் நீங்க நேத்து வரைஞ்சதா இருக்கலாம் இல்ல ஆன்ட்டி? ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு உயரத்துல கட்டியிருக்கு. நிஜமா வந்த தண்ணின்னா எல்லா வீட்லயும் ஒரே மட்டத்துலதான் நின்னிருக்கும். அதான் செக் பண்றேன். சாரி, இனிமே யார் சொன்னாலும் செக் பண்ணுவேன்."

கங்கையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தேறிட்ட" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு முன் யாருக்கும் அந்தப் பட்டம் கிடைத்ததில்லை.

வீடு வீடாகப் போனார்கள். டியூபில் தண்ணீர் ஒவ்வொரு கோட்டிலும் சரியாக வந்து நின்றது. சாலமன் வீட்டில் மட்டும் நிற்கவில்லை. அவன் வீட்டுக் கோடு மற்றவற்றைவிட ஒரு முழம் மேலே, ஜன்னல் சன்ஷேடைத் தாண்டி இருந்தது.

கங்கையம்மாள் கிட்டே போய் விரலால் தொட்டாள். மோந்தாள். "இன்னாடா இது, டீத் தூளு வாசனை அடிக்குது?"

சாலமன் தலையைச் சொறிந்தான். "இல்லக்கா... சொல்றதுதான் சொல்றோம், கொஞ்சம் ஏத்திச் சொன்னா கால்வா சீக்கிரம் போடுவாங்கன்னு..."

"தெருவுக்கெல்லாம் தண்ணி வந்துச்சு, உன் வூட்ல மட்டும் மாடி ஏறி டீ குடிச்சிட்டுப் போச்சா? எடுடா துணிய!"

அவளே ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். கீழே தகடு வைத்துச் சுரண்டியதும், மற்ற வீடுகளோடு ஒரே மட்டத்தில், அசல் கோடு வந்தது. ஸ்ம்ருதி அதைப் படம் எடுத்துக்கொண்டாள். கூடத்துக்குள்ளும் போய்ச் சுரண்டினார்கள். அங்கே கோடு மின்விசிறிக் கம்பியின் பக்கத்தில் இருந்தது. சேதி கேட்டு வந்த வேதசிரோமணி, மூலையில் விரித்திருந்த வாத்து டவலைப் பார்த்தார். மேலே கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முகாமை ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துக்கு மாத்திடலாம்" என்றார் கடைசியில்.

"எங்க தெரு?"

"சிவப்பு. கால்வாய் லிஸ்ட்ல சேக்கணும்னு எழுதறேன். எப்ப வரும்னு இப்ப சொல்ல முடியாது."

"வூட்ட இடிப்பியா சார்?"

"இந்த ஆய்வு அதுக்கு இல்லம்மா."

"எழுதிக் குடு."

"நாளைக்கு எந்தத் திட்டம் வரும்னு எனக்கே தெரியாது. தெரியாததை எழுதிக் குடுத்தா, நீங்க கணுக்கால்னு சொன்ன மாதிரிதான் ஆயிடும்."

அது அவளுக்குப் பிடித்தது. ஆனாலும் நம்பவில்லை. பிடிப்பது வேறு, நம்புவது வேறு.

செல்லம்மாவின் டவலைக் கங்கையம்மாளே மடித்து எடுத்துக்கொண்டு கோதண்டபாணி நகர் போனாள். வாசலில் நின்று என்ன சொன்னாள், செல்லம்மா என்ன திட்டினாள் என்பது வெளியே வரவில்லை. திட்டு பலமாகத்தான் இருந்திருக்க வேண்டும். திரும்பி வந்தவள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

சுரண்டிய சுவருக்கு யாரும் மறுபடி பெயின்ட் அடிக்கவில்லை. வீடு பார்க்க வந்த ஒன்றிரண்டு பேர் கோட்டைப் பார்த்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் திரும்பினார்கள். கங்கையம்மாள் ஜன்னலிலிருந்து அவர்களைப் பார்த்து, "தர காஞ்சி கெடக்க சொல்லவே கண்டுபுடிச்சிட்டான், கெட்டிக்காரன்" என்று பக்தவச்சலத்திடம் சொல்வாள். அவள் குரலில் பொறாமைதான் இருக்கும்.

கால்வாய் வருவதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. அடையாறும் வந்துவிட்டது. வாசலில் நின்று யோசித்து, பிறகு ஜன்னல் வரைக்கும் ஏறியது. சமுதாயக் கூடத்தில் தவளைகளும் பல்லிகளும் மட்டும் தங்கின. மூன்றாவது தெருவும் கோதண்டபாணி நகரும் மதியத்துக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. சாலமன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டபடி, "தண்ணி மாடி ஏறி டீ குடிக்கறதுக்குள்ள ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினான்.

கங்கையம்மாள் தலையில் அரிசி மூட்டை, கையில் கிரைண்டர் கல்லோடு உள்ளே நுழைந்தபோது வகுப்பறை நிரம்பி வழிந்தது. நிற்க இடமில்லை. செல்லம்மா ஒரு மூலையில் மாமியாரைத் தரையில் படுக்க வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், இரண்டு பேர் உட்கார்கிற அளவுக்கு, வாத்துப் படம் போட்ட நீல டவல் விரித்திருந்தது.

"இன்னா பாத்துகினு நிக்கிற? உனக்குத்தான் போட்டு வெச்சிக்கிறேன். எத்தினி பேரு சண்டைக்கு வந்தாங்க தெரியுமா? வந்து உக்காரு" என்றாள் செல்லம்மா, இன்னும் கோபம் தீராத குரலில்.

கிழவி கண்ணைத் திறந்து, "யாரு, கோலம் கலையாதவளா?" என்றாள்.

பக்தவச்சலம் உடனே உட்கார்ந்துவிட்டான். கங்கையம்மாள் உட்காரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சுவரில், இடுப்பளவுக்கு, அடர்த்தியான நீலத்தில் ஒரு பட்டை அடித்திருந்தார்கள். மேலே வெள்ளை, கீழே நீலம். அழகுக்கு அடித்த மாதிரி இருந்தது.

"யோவ், பைல கீற தோசக் கரண்டிய எடு."

"கங்கா, பசங்க கை அழுக்கு படாம இருக்க அடிச்சிருப்பாங்க."

"நீ கரண்டிய எடு."

நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மண்டி போட்டு, நீலத்தின் மேல்விளிம்பில் கரண்டியை வைத்துச் சுரண்டினாள். நீலம் உதிர்ந்தது. கீழே பழைய நீலம். அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே சுண்ணாம்பு. முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள், விரலால் தடவினாள், மோந்தாள். செல்லம்மாவும் விசிறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். கிழவிகூடத் தலையைத் திருப்பினாள்.

கோடு எதுவும் இல்லை.

கங்கையம்மாள் எதிர்ச் சுவரிலும் ஒரு இடத்தில் சுரண்டிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. அப்புறம்தான் வந்து, டவலின் ஓரத்தில், கிழவியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.